லவோனா அம்மையாருக்குக் குறைந்த இரண்டு வாக்குகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி வாரியத் தலைவர் அவர்களே, நம் சபையின் பிஷப் அவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பு மகள் ட்ரூடி, சேஜ்வெல் தொடக்கப் பள்ளியின் ஆசிரியப் பெருமக்களே, பேருந்து ஓட்டுநர்களே, சமையற்கூடத்துத் தோழியரே! இந்த ஊரில் பிறந்தவர்களே, போன மாதம் குடிவந்தவர்களே! பள்ளிக் கடன் பத்திரத் தேர்தலில் ‘ஆம்’ என்று போட்டவர்களே, ‘வேண்டாம்’ என்று போட்டவர்களே! உங்கள் அனைவருக்கும் ஓரின் கிம்பரின் வணக்கம்.

உங்களில் பாதிப் பேரைச் சிறுவயதில் ஏழாம் எண் பேருந்தில் ஏற்றி இறக்கியவன் நான். முப்பத்தொரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. திரும்பிப் பார்க்காமல் “உக்காருங்கடா பசங்களா!” என்று கத்தித்தான் பழக்கம். பின்மேசையில் நம் பெண்கள் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டுவைத்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாக முடித்துவிடுவேன் என்று என் மனைவி ஜெனீலிடம் சொல்லியிருக்கிறேன். மன்னித்துக்கொள், ஜெனீல். இன்று சுருக்கமாக முடியாது.

முதலில் ஒரு கேள்வி. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றி, அதில் பத்தொன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்த லவோனா ரிக்கர்ட் அம்மையாருக்கு இரங்கல் கூட்டம் ஏன் அந்தப் பள்ளியில் நடக்கவில்லை? ஏன் விவசாயிகள் சங்கக் கூடத்தில், டிராக்டர் விளம்பரத்துக்கு அடியில் நடக்கிறது? காரணம் உங்களுக்கே தெரியும். பள்ளியில் நாம் கூட இடமில்லை! உடற்பயிற்சிக் கூடத்தைத் திரைச்சீலை போட்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரு திரைக்கு இந்தப் பக்கம் கழித்தல் கணக்கு, அந்தப் பக்கம் வாசிப்பு. பாட்டு வகுப்பு நடைபாதையில். முந்நூறு பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளியில் இன்று எழுநூற்று நாற்பது பிள்ளைகள். சாப்பாட்டறை போதாததால் ஒன்றாம் வகுப்புக்கு மதியச் சாப்பாடு காலை பத்துப் பத்துக்கு! பத்து மணிக்கு எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்? இரண்டு மணிக்கு எந்தப் பிள்ளைக்குப் பசிக்காது? மாலையில் என் பேருந்தில் ஏறும்போது அந்தக் குழந்தைகள் பசியில் அழுவார்கள். நான் இருக்கைக்கு அடியில் பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன். அது விதிமீறல். லவோனா அம்மையாருக்குத் தெரியும். டப்பா காலியாகும்போதெல்லாம் யாரோ நிரப்பிவைத்தார்கள். அது யார் என்று நான் கேட்டதில்லை.

நம் ஊர் வளர்ந்த வேகத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெங்காயம் போட்ட வயலில் வீடு. புதினா போட்ட வயலில் வீடு. வாய்க்கால் ஓரமெல்லாம் ஒரே நிறத்தில் வீடு. வீட்டுக்கு மூன்று பிள்ளை. பிள்ளைகள் வந்தார்கள், பள்ளி வரவில்லை. பள்ளிக்குப் பதில் லாரியில் அறை அளவுத் தகரப் பெட்டிகள் வந்தன. பதினொரு பெட்டி வகுப்புகள். தற்காலிகம் என்றார்கள். முதல் பெட்டி வந்து பதினான்கு வருடம் ஆகிறது.

கட்டடம் வேண்டுமென்றால் பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதை இருபது வருடம் நம் சொத்து வரியிலிருந்து அடைக்க வேண்டும். அதற்கு நாம் வாக்களித்துச் சம்மதம் தர வேண்டும். பாதிப் பேர் சம்மதித்தால் போதாது. ஐடஹோ சட்டம் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. ஒரு ‘வேண்டாம்’ விழுந்தால் அதற்கு இரண்டு ‘ஆம்’ விழுந்தாக வேண்டும். தன் கடைசி ஆறு வருடங்களை லவோனா அம்மையார் இந்த ஒன்றுக்கு இரண்டில்தான் கழித்தார்.

எப்படி உழைத்தார்! பணி நேரத்தில், பள்ளி வளாகத்துக்குள் நின்று ‘ஆம் என்று போடுங்கள்’ என்று அவர் சொல்லக் கூடாது. தகவல் தரலாம், வாக்குக் கேட்கக் கூடாது. சட்டம். அம்மையாரோ சட்டத்தை நூல் பிசகாமல் கடைப்பிடிப்பவர். யாராவது ஒரு தாய் வந்து, “மிஸஸ் ரிக்கர்ட், நான் எதுக்குத்தான் போடறது?” என்று கேட்டால், “மணி நாலாயிடுச்சு. வாங்க, கொஞ்சம் நடப்போம்” என்பார். அந்தத் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பனிச் சேற்றில் சாலையைக் கடந்து, எதிரே டெல் ஆஷ்கிராஃப்டின் வெங்காயக் கிடங்கு வேலிக்குப் போவார். வேலியைத் தொட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அதுவரை வானிலையைப் பற்றித்தான் பேச்சு!

டெல் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். கடைசி வரிசை, தொப்பி மடியில். அவர் யார் என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். வெங்காயம் பயிரிட்டு ஓய்ந்தவர், நடந்த நான்கு பத்திரத் தேர்தலிலும் எதிர்த்தரப்புக் குழுவின் தலைவர். ஒருநாள் கிடங்கு வாசலில் நின்று அவர் கத்தியதை நானே கேட்டேன்.

“டீச்சரம்மா, என் வேலியில நின்னுக்கிட்டே என்னைத் தோக்கடிக்கப் பாக்கறீங்களா? வாடகையாவது குடுங்க!”

“தர்றேன் டெல். புதுப் பள்ளிக்கூடம் வரட்டும், முதல் நாள் மத்தியானச் சாப்பாடு உனக்குத்தான். நிஜமான மத்தியானத்துல.”

“நீங்க கேக்கறது பள்ளிக்கூடம் இல்ல. அரண்மனை.”

“அரண்மனைல கக்கூஸுக்கு வரிசையில நிக்க மாட்டாங்க டெல்.”

“சிரிக்காதீங்க டீச்சர். ஊரு வளருது, எம் பிள்ளைங்க வளந்து போயாச்சு. என் வருமானம் வளரல. என் வரி மட்டும் வளருது. நான் எங்க போவேன்?”

அந்தக் கேள்விக்கு அம்மையார் சிரிக்கவில்லை. “தெரியுது டெல்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் மூத்தோருக்கான வரிக் குறைப்பு விண்ணப்பத்தை அவர் வீட்டுக் கதவில் செருகிவிட்டு வந்தார். தன்னைத் தோற்கடிப்பவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

முதல் தேர்தலில் ஐம்பத்தெட்டு விழுக்காடு. தோல்வி. இரண்டாவதில் அறுபத்தொன்று. தோல்வி. மூன்றாவதில் அறுபத்து நான்கு. தோல்வி! வேறெந்தத் தேர்தலிலும் இதை மாபெரும் வெற்றி என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆதரவுக் குழு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அம்மையார் மறுநாள் காலை வந்து பேருந்துகளை வரவேற்பார். “போன தடவைய விட மூணு ஏறிடுச்சு ஓரின்” என்பார். மூன்று ஏறியதற்கு ஒரு மனுஷி அப்படி மகிழ்வாரா? மகிழ்ந்தார்!

பிறகு கடந்த நவம்பர். நான்காவது தேர்தல். நான் சொல்ல வந்தது அதைத்தான். பேருந்துக்கு அன்று விடுப்பு சொல்லிவிட்டு, ஆதரவுக் குழுவில் நானும் ஜெனீலும் வண்டி ஓட்டும் பொறுப்பு எடுத்துக்கொண்டோம். நடக்க முடியாதவர்கள், வண்டி இல்லாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லோரையும் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து இதே கூடத்தில் இறக்க வேண்டும். இங்குதான் வாக்குச்சாவடி. எங்கள் குழுவுக்கு மஞ்சள் சட்டை. நெஞ்சில் ‘பள்ளிக்கு ஆம்’ என்று எழுதியிருக்கும். பிரச்சார வாசகம் என்பதால் அந்தச் சட்டையோடு வாக்குச்சாவடிக்குள் போகச் சட்டம் விடாது. நாங்கள் வண்டியைத் தொலைவில் நிறுத்தி, ஆளை இறக்கி, அங்கிருந்தே கையசைத்து அனுப்பினோம். காலையில் நான் ஜெனீலிடம் சொன்னேன், “மத்தியானம் வீட்டுக்குப் போய் சட்டை மாத்திட்டு வந்து ரெண்டு பேரும் போட்டுடலாம்.”

மதியம் வந்தது. மதியத்தோடு பதினாறு தொலைபேசி அழைப்புகளும் வந்தன. ஓடினோம். நான் இருபத்தொன்பது பேரை ஏற்றி வந்தேன். ஜெனீல் இருபத்து நான்கு பேரை. இடையில் ஒரு மூதாட்டி வாக்களித்துவிட்டு வந்து, அவருக்குக் கொடுத்த ‘நான் வாக்களித்தேன்’ ஒட்டுத்தாளை உரித்து என் சட்டையில் ஒட்டினார். “எனக்கு எதுக்குய்யா இது? ஓடியாடி வேலை செய்யறவன் நீ, நீ போட்டுக்க” என்றார். அதை மாட்டிக்கொண்டு மிச்ச நாளெல்லாம் சுற்றினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளை இறக்கிவிட்டு, அதோ, இந்தக் கூடத்து வேலிக்கு வெளியே நின்று எல்லோரிடமும் கைகுலுக்கினேன். கதவைச் சாத்தினார்கள். நான் கைதட்டினேன்.

மறுநாள் காலை முடிவு வந்தது. ‘வேண்டாம்’ ஆயிரத்து நாற்பத்து மூன்று. அப்படியானால் நமக்கு இரண்டாயிரத்து எண்பத்தாறு வேண்டும். ‘ஆம்’ இரண்டாயிரத்து எண்பத்து நான்கு. ஜெனீல் அடுப்பில் முட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“எத்தனையில போச்சு ஓரின்?”

“ரெண்டு.”

“ரெண்டு பர்சென்டா?”

“இல்ல. ரெண்டு ஓட்டு.”

அவள் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, “ஓரின், நீ எப்ப போட்ட?” என்றாள்.

“நீ எப்ப போட்ட?”

“நீதானே சட்டை மாத்திட்டுப் போலாம்னு சொன்ன.”

“சொன்னேன்.”

முட்டை கருகி வீடெல்லாம் புகை.

ஆம், அவையோரே! நம் பள்ளியைத் தோற்கடித்தது டெல் ஆஷ்கிராஃப்ட் அல்ல. கலிபோர்னியாவிலிருந்து குடிவந்தவர்கள் அல்ல. பிள்ளை இல்லாத கிழவர்கள் அல்ல. அந்த இரண்டு வாக்கு நானும் என் மனைவியும்தான்! ஐம்பத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் எங்களை ஏற்றிக்கொண்டு வரவில்லை!

இதை அன்றே சொன்னேனா? சொல்லவில்லை. அந்த வாரம் குழு கூடியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையைத் தட்டினேன். “ரெண்டே ரெண்டு பேரு! எந்தச் சோம்பேறிங்க வீட்ல கால நீட்டிப் படுத்துக் கிடந்தாங்களோ!” என்று கத்தினேன். எனக்குப் பயம். பயந்தவன்தான் பெரிதாகக் கத்துவான். அம்மையார் என்னைப் பார்த்து, “விடு ஓரின், யாரோ என்ன கஷ்டத்துல இருந்தாங்களோ” என்றார். அப்போது அவருக்குத் தெரியாது.

யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது ரகசியம். யார் வாக்களித்தார்கள் என்பது ரகசியமில்லை. மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் தருவார்கள். டிசம்பரில் அம்மையார், மே மாதம் வரும் அடுத்த தேர்தலுக்காக, அந்தப் பட்டியலை வாங்கினார். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். தபால் வாக்குக்கான விண்ணப்பம். ஒன்றில் என் பெயர், ஒன்றில் ஜெனீல் பெயர், முகவரியோடு அழகாக எழுதியிருந்தார்.

“கையெழுத்து மட்டும் போடுங்க ரெண்டு பேரும்.”

நான் கேலி செய்தேன். “என்ன டீச்சர், தபால்ல ஓட்டுப் போடற அளவுக்கா எனக்கு வயசாயிடுச்சு?”

“உனக்கு வயசாகல ஓரின். மே மாசமும் நீங்க வண்டி ஓட்டணும் இல்லியா? அந்த மஞ்சச் சட்டையக் கழட்ட உங்களுக்கு நேரம் கிடைக்காது.”

நான் சிரித்தேன். ஜெனீல் சிரிக்கவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டோம். அம்மையார் தாள்களை எடுத்துக்கொண்டு, ஆப்பிள் பணியாரம் இரண்டு துண்டு சாப்பிட்டு, ஜெனீலை அணைத்துக்கொண்டு போனார். அவர் அவளை வழக்கத்தைவிட நேரம் அணைத்திருந்தார் என்று ஜெனீல் சொன்னாள். நான் அதை நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை.

போன வாரம் ட்ரூடி என்னைக் கூப்பிட்டு, “அம்மாவோட தேர்தல் பேப்பரெல்லாம் உங்ககிட்டதான் இருக்கணும் அங்கிள்” என்று ஒரு பெட்டியைக் கொடுத்தாள். அதில் அந்தப் பட்டியல். வாக்களித்தவர் பெயர்மேல் எல்லாம் மஞ்சள் கோடு. எங்கள் பக்கத்தைப் புரட்டினேன். கிம்பர் என்று இரண்டு பெயர். இரண்டிலும் கோடு இல்லை. பக்கத்தில் பென்சிலால், அவருடைய அந்தச் சீரான ஆசிரியர் கையெழுத்தில் ஒரே வரி: “இவர்களை நான் அதிகம் வேலை வாங்கிவிட்டேன்.”

அவையோரே, அவர் என்னைத் திட்டி எழுதியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். ‘துரோகி’ என்று எழுதியிருந்தால் தாங்கியிருக்க முடியும். இதை எப்படித் தாங்குவேன்? நீங்கள் சொல்லுங்கள், இதை எப்படித் தாங்குவது?

ட்ரூடி இன்னொன்றும் சொன்னாள். பத்திரம் நிறைவேறினால் கிறிஸ்துமஸுக்கு ஓய்வு பெற்று, பாய்சி நகரில் ட்ரூடியின் வீட்டுக்குப் போய்விடுவதாக அம்மையார் வாக்குக் கொடுத்திருந்தாராம். மாடி அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்துவைத்திருந்தார்கள். நவம்பரில் தோற்றதும், “இன்னும் ஒரே ஒரு தடவை, மே மாசம் வரைக்கும்” என்று தங்கிவிட்டார். அதனால்தான் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு அவர் இங்கே இருந்தார். துப்புரவுப் பணியாளருக்குக் காய்ச்சல். பெட்டி வகுப்புகளுக்கு ஏறும் வாசல் சாய்தளங்களில் உறைபனி. பிள்ளைகள் வழுக்கி விழுவார்களே என்று அறுபத்தேழு வயதில் தானே மண்வாரியையும் உப்பு வாளியையும் எடுத்துக்கொண்டு போனார். பதினொரு சாய்தளங்கள். எட்டை முடித்துவிட்டார். ஒன்பதாவதில் அவரை முதலில் பார்த்தது ஏழாம் எண் பேருந்து. ஓட்டி வந்தவன் நான்.

மாரடைப்பு எங்கிருந்தாலும் வந்திருக்கும் என்கிறார் மருத்துவர். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். பாய்சியில், சுண்ணாம்பு அடித்த அறையில், மகளுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்று அவர் பிழைத்திருக்க மாட்டாரா? தினமும் கேட்டுக்கொள்கிறேன். இனி என் காலம் முழுவதும் கேட்டுக்கொள்வேன்.

அடக்கத்தன்று டெல் என்னிடம் வந்தார். அழுதிருந்தார். “என் பேரனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராதுன்னு எல்லாரும் கைவிட்டாங்க ஓரின். இந்தம்மா விடல” என்றார். பிறகு, “ஆனா உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். மே மாசமும் நான் வேண்டாம்னுதான் போடுவேன். என்னால முடியல” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? தனக்குச் சரியென்று பட்டதை அவர் நான்கு முறையும் வந்து போட்டுவிட்டுப் போனார். நான் நெஞ்சில் பள்ளியின் பெயரை எழுதிக்கொண்டு, வாசலில் நின்றபடியே, போடாமல் போனேன். எங்கள் இருவரில் லவோனா ரிக்கர்ட்டைக் கைவிட்டவர் யார்?

இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசுபவர் நம்பிக்கை சொல்லி முடிக்க வேண்டும். அவர் விட்ட பணியை நாம் தொடர்வோம், வெற்றி நமதே என்று முழங்க வேண்டும். நான் தொடர்வேன். அதில் சந்தேகம் வேண்டாம். குழுத் தலைமையை இன்று ஏற்கிறேன். நான் செய்ததைக் கேட்ட பிறகும் நீங்கள் ஏற்றுக்கொண்டால். ஆனால் வெற்றி நமதே என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நேற்றிரவு தூக்கம் வராமல் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மழலையர் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போடும்.

லவோனா அம்மா, போன முறை நமக்கு இரண்டு குறைந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த முறை ஜெனீலும் நானும் எல்லோருக்கும் முன்னால் போட்டுவிடுவோம். இரண்டு சேர்கிறது. டெல் மாறவில்லை, அவர் பக்கம் ஒருவரும் மாறவில்லை. நம் பக்கத்திலிருந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

ஒன்று குறைகிறது அம்மா. இன்னும் ஒன்று குறைகிறது.